மாதிரிக் கையெழுத்து

என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு கள்ளக் கையெழுத்துகூட எங்கள் அலுவலகத்தைத் தாண்டிப் போனதில்லை. இதைப் போன வருஷம்வரை பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பதினாறு வருஷமாக அதே மேஜை, அதே வேலை. வண்டிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனத்தில் இன்சூரன்ஸ் காசோலைகள் என் பொறுப்பு.

கடனில் வண்டி எடுக்கிறவர்கள், சாவி கைக்கு வந்ததும் வண்டி முழுக்கத் தங்களுடையது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்காவது மோதினால்தான் விஷயம் புரியும். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் காசோலையில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று வண்டிக்காரர் பெயர், இன்னொன்று எங்கள் நிறுவனத்தின் பெயர். இருவரும் பின்பக்கம் கையெழுத்துப் போட்டால்தான் வங்கி அதைத் தொடும். வண்டிக்காரர் போட்டு எங்களுக்கு அனுப்புவார். கடன் பத்திரத்தில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு அதை நான் ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒத்துப்போனால் எங்கள் பக்கம் மேலாளர் ஒன்று, நான் ஒன்று போடுவோம், பணம் பட்டறைக்குப் போகும். ஒத்துப்போகாவிட்டால் 'கையெழுத்து பொருந்தவில்லை' என்ற ரப்பர் முத்திரையை ஒரு சீட்டில் குத்திக் காசோலையோடு திருப்பி அனுப்பிவிடுவேன். அந்த முத்திரையின் பிடி என் கட்டைவிரல் பட்டுப் பட்டு வழுவழுப்பாகியிருக்கும்.

தண்ணீர்க் கேன் போடும் சின்ன வேன் ஒன்றின் காசோலை அப்படி மூன்று தடவை போய் வந்தது. முதல் தடவை கையெழுத்தைப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. முதல் எழுத்து பெரிதாக இடப்பக்கம் சாய்ந்து விழுந்துகிடந்தது. அடுத்த எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேலே ஏறின. கடைசி எழுத்தின் வால் கோட்டுக்குக் கீழே இழுபட்டு, ஒரு கனத்த புள்ளியில் நின்றது. பக்கத்து மேஜைக் காசாளரிடம் காட்டினேன். "கோழிக் கிறுக்கல்" என்றார் அவர். அன்றுமுதல் அந்த ஆளுக்கு எங்கள் பிரிவில் அதுதான் பெயர். கோழிக் கிறுக்கல் வந்தாச்சா, கோழிக் கிறுக்கல் போன் பண்ணிச்சா என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்போம்.

போன் வந்தது உண்மைதான். இரண்டாவது தடவை திருப்பிய பிறகு வந்தது. நிதானமான குரல். மோதினதில் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், இடது கையால்தான் போட்டு அனுப்பினேன் என்றார். முன்பணம் இல்லாமல் பட்டறைக்காரர் பிரேக்கில் கைவைக்க மாட்டேன் என்கிறாராம், வேன் ஓடாமல் வீட்டில் அடுப்பு எரியாதாம். இதற்கெல்லாம் எங்களிடம் வழி இருந்தது. கையெழுத்து மாற்றப் படிவம் என்று ஒரே ஒரு தாள், வண்டிக்காரருக்கும் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் எங்களுக்கும் அதுவேதான். புதுக் கையெழுத்தை மூன்று முறை போட்டு, காரணம் எழுதி, மேலாளரிடம் காட்டினால் முடிந்தது. அரை மணி நேர வேலை. ஆனால் அதை நாங்களாக எடுத்து நீட்டுவதில்லை. பெயர் சொல்லிக் கேட்டால் கொடுப்போம். கொடுத்தால் ஊரில் உள்ளவனெல்லாம் கையெழுத்து மாற்ற வந்து நிற்பான், வேலை இரட்டிப்பாகும் என்று முன்னால் இருந்தவர்கள் சொல்லிவைத்துப் போன வழக்கம் அது. நானும் கேள்வி கேட்காமல் பிடித்துக்கொண்டேன்.

அன்று என் மேஜையில் நாற்பது காசோலை. "கை சரியானதும் போட்டு அனுப்புங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அவர் காத்திருக்கவில்லை. இடது கையாலேயே மூன்றாவது தடவையும் போட்டு அனுப்பினார். மூன்றாவது முத்திரையும் குத்தினேன். மாவுக்கட்டுப் பிரித்த அதே வாரம், பிரேக்கைக் கம்பியும் கிம்பியுமாகக் கட்டிக்கொண்டு லோடோடு வேனை எடுத்திருக்கிறார். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. திருப்பவும் அந்தக் கைக்குத் தெம்பில்லை. எங்களுக்கு அந்தச் செய்தி இறப்புச் சான்றிதழின் நகலாகத் தபாலில் வந்தது. காசாளர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார். நான் கோப்பில் 'வாடிக்கையாளருக்கு உரிய முறையில் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதி மூடினேன். போன் வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். முதல் எழுத்து இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது.

பேனா சரியில்லை என்று நினைத்தேன். வேறு பேனா வாங்கிப் போட்டேன். சாய்ந்த எழுத்தைத் தொடர்ந்து மற்றவை ஏறின, வால் இறங்கியது, கடைசியில் கை தானாக நின்று ஒரு புள்ளியை அழுத்தியது. யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள் என்று சொன்னால் பொய். இழுப்பே இல்லை. வலியோடு, மெதுவாக, தப்பில்லாமல் போட்டுவிடவேண்டும் என்று ஒருவர் கவனமாகப் போடுவதுபோல இருந்தது. மணிக்கட்டில் உள்ளுக்குள் ஓர் இடம் மட்டும் விண்ணென்று தெறித்தது. பேனாவைக் கீழே வைத்ததும் வலி போய்விட்டது.

மற்ற எழுத்தெல்லாம் ஒழுங்காகவே வந்தது. மளிகைச் சீட்டு எழுதினேன், கோப்பில் குறிப்பு எழுதினேன், என் பழைய முத்து முத்தான எழுத்து. கையெழுத்துக்கு மட்டும் அவர் வந்துவிடுவார். மகளின் பள்ளி அறிக்கையில் போட்டேன். இது உன் அம்மா போட்டதா, நீயே போட்டதா என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். குழந்தை அழுதுகொண்டே வந்து நின்றது. என் கணவர் முதலில் கேலி செய்தார், பிறகு நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் சுத்தியலால் முழங்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்க நான் போட்டுப் பழகினேன். ஒரு தாளில் ஐம்பது, அறுபது. எல்லாம் அவர் கையெழுத்து. பயமாக இருந்தது. யாரிடம் போய் இதைச் சொல்வது?

உடைந்து நொறுங்கிய வேனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முழு இழப்பு என்று தீர்மானித்தது. பட்டறைக்கென்று வந்த பழைய காசோலை ரத்தாகி எங்கள் கோப்புக்கு வந்துசேர்ந்தது. புதுக் காசோலை எங்கள் நிறுவனத்தின் பெயரிலும் அவர் மனைவியின் பெயரிலும் வந்தது. கடன் பாக்கியை நாங்கள் எடுத்துக்கொண்டு மீதியை அவரிடம் கொடுக்கவேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்ததிலேயே காசோலை செல்லுபடியாகும் மூன்று மாதத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. அவர் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். ஒத்துப்போனது. மேலாளர் போட்டார். நான் போட்டேன். கீழ்த்தளத்து வங்கியிலிருந்து நான்காம் நாள் அது திரும்பி வந்தது. நிறுவனத்தின் கையெழுத்துகளில் ஒன்று பொருந்தவில்லை என்று அவர்கள் முத்திரை சொன்னது. பதினாறு வருஷத்தில் என் கையெழுத்து திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை.

காசாளர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோழிக் கிறுக்கல் என்ற வார்த்தை அவர் வாய்வரை வந்து நின்றதை நான் கண்டேன். அவர் அதைச் சொல்லவில்லை.

எனக்குப் பதில் வேறொருவர் கையெழுத்துப் போடத் தலைமை அலுவலகத்தின் கடிதம் வேண்டும், அதற்கு மூன்று வாரமாகும் என்றார் மேலாளர். காசோலைக்கு இருந்ததோ இரண்டு நாள். காலாவதியானால் மறுபடி விண்ணப்பம், மறுபடி இரண்டு மாதம், அதுவரை செத்துப்போனவர் பெயரில் தவணையும் அபராதமும் ஏறிக்கொண்டிருக்கும். வீட்டு உரிமையாளர் வாடகைக்கு மாசக் கடைசிவரைதான் பொறுப்பேன் என்றுவிட்டாராம். இதையெல்லாம் அந்த அம்மாள் என் எதிரில் உட்கார்ந்து குரலை உயர்த்தாமல் சொன்னார். இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்திருந்தார். கணவரின் அதே நிதானம் அவரிடமும் இருந்தது.

அவரை உட்காரவைத்துவிட்டு நான் உள்ளறைக்குப் போனேன். செய்யக்கூடாததைச் செய்யத்தான் போனேன். என் பழைய கையெழுத்துள்ள தாள் ஒன்றை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, காசோலையில் போடுமுன் பழகிப் பார்க்க அதன்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தேன். வெயிலில் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. அதன் மேலேயே பேனாவை ஓட்டினால் போதும். கள்ளக் கையெழுத்துக்காரர்கள் செய்வது இதுதான். எத்தனை பேரை இதற்காகப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது என் கையெழுத்துக்கே நான் கள்ளக் கையெழுத்துப் போட நின்றேன். பேனா முதல் கோட்டின்மேல் சரியாகத்தான் இறங்கியது. பிறகு இடப்பக்கம் சாய்ந்தது. மணிக்கட்டு தெறித்தது. புள்ளியை அழுத்தி முடிக்கும்வரை என்னால் கையை எடுக்க முடியவில்லை.

தாளோடு வெளியே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். இனி மறைக்க என்னிடம் தெம்பில்லை.

"உங்க வீட்டுக்காரர் எனக்கு போன் பண்ணார்" என்றேன். "கை உடைஞ்சிருக்குன்னு சொன்னார். கை சரியானதும் போட்டு அனுப்புங்கன்னு சொல்லிட்டேன். ஒரு படிவம் இருந்தது. குடுத்திருந்தா அன்னைக்கே பணம் போயிருக்கும். நான் குடுக்கல."

அழுவார், இல்லை என்னை நாலு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்மேல் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்திருந்தார்.

"இது யார் போட்டது?"

"நான்தான். அவர் போனதிலேர்ந்து எனக்கு இப்படித்தான் வருது. பேங்க்ல திருப்பினது இதத்தான்."

அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. தாளை மேஜையில் வைத்து நேராக்கினார்.

"இப்ப உங்களுக்கு அந்தப் படிவம் இருக்கில்ல?" என்று கேட்டார். "எடுங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை என்றால் யார் நம்புவார்கள்? பதினாறு வருஷமாக அந்தத் தாள் என் இழுப்பறையில் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்து வைத்திருந்து, அப்படி ஒன்று உண்டு என்பதையே எனக்கு நானே மறைத்துக்கொண்டிருக்கிறேன். கூடவே இன்னொன்றும் இருந்தது. அதில் போட்டுவிட்டால் அதுதான் என் கையெழுத்து. பழையது திரும்பி வந்தாலும் இனி செல்லாது. அந்தச் சாய்வையும் அந்த வலியையும் நானே எழுதி வாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

இழுப்பறையைத் திறந்து அடியிலிருந்து ஒரு தாளை உருவினேன். காரணம் என்ற இடத்தில் 'கையில் அடிபட்ட ஒருவருக்கு இந்தப் படிவத்தை நான் தரவில்லை' என்று எழுதினேன். பிறகு மாதிரிக் கட்டங்களுக்கு வந்தேன். பேனாவை அழுத்தியதும் தாள் நகர்ந்தது.

அந்த அம்மாள் கையை நீட்டித் தாளின் மேல் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை.

"அவருக்கும் நான்தான் பிடிச்சுக்கிட்டேன்" என்றார். "ஒத்தக் கையால போட்டா பேப்பர் நகரும்."

மூன்று முறை போட்டேன். மூன்றும் ஒரே மாதிரி வந்தன. ஒவ்வொரு புள்ளியிலும் அவர் விரல் கொஞ்சம் அழுந்தியதைத் தாள் வழியாக உணர்ந்தேன். மேலாளர் காரணத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தலைமை அலுவலகத்துக்கு இதை எப்படியம்மா அனுப்புவது என்று கேட்டார். அப்படியே அனுப்புங்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒப்பமிட்டார். வங்கியில் புது மாதிரியைப் பதிந்துகொண்டார்கள். காசோலையின் பின்பக்கம் மறுபடி போட்டேன். மறுநாள் மாலை பணம் ஏறியது. கடன் போக மீதி அவர் கணக்குக்குப் போனது.

கணக்கு முடிந்த கடிதத்தை வாங்கிக்கொள்ள அவர் அடுத்த வாரம் வந்தார். என்னை மன்னித்துவிட்டதாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு சீட்டோடும் அந்தப் படிவத்தை வைத்துத்தான் அனுப்புகிறேன், காசாளர் வேலை கூடிவிட்டது என்று முணுமுணுத்தாலும் சரி. அதை அந்த அம்மாளிடம் சொல்ல வாயெடுத்து, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் எழுந்தார். எழுந்தவர் போகாமல் நின்றார்.

"வீட்டுல அவர் கையெழுத்து ஒண்ணுகூட இல்ல" என்றார். "போட்டதெல்லாம் உங்க ஃபைல்லதான் இருக்கு."

கோப்பிலிருந்து ஒரு தாளையும் வெளியே கொடுக்க முடியாது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. அவர் பார்வை என் கைமேல் இருந்தது. நான் மேஜையின் கீழ் அறையைத் திறந்து, பழகிப் போட்ட காலண்டர் தாள்கள் மொத்தத்தையும் எடுத்து அவர்முன் வைத்தேன். எண்ணூறு, தொள்ளாயிரம் கையெழுத்தாவது இருக்கும்.

"ஒண்ணு போதும்" என்றார்.

கோப்பைத் திறந்து, அவர் கணவர் மூன்று தடவையும் கையெழுத்துப் போட்டிருந்த அந்தப் பழைய காசோலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். தாள் தாளாகப் புரட்டினேன். சாய்வைப் பார்த்தேன், ஏற்றத்தைப் பார்த்தேன், வாலின் நீளத்தைப் பார்த்தேன், புள்ளியைப் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தாமல் நின்றுகொண்டிருந்தார். பார்த்துப் பார்த்து, பொருந்துகிற ஒன்றை வெட்டி எடுத்துக் கொடுத்தேன்.