குழியில் தீப்பிடித்த மத்தியானம்

ஊர்க் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையில் கிரேன் ஓட்டுபவள் அவள். எல்லோருக்கும் கிரேன் அக்கா. குப்பைக்குழிக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்து, இரும்புக் கையால் குப்பையை அள்ளி உலையின் வாயில் போடுவாள். பேச்சுத்துணை என்றால் வாக்கிடாக்கியில் வரும் கட்டுப்பாட்டு அறைக்காரரின் குரல்தான். "ஈரமா வருதும்மா, கொஞ்சம் புரட்டிப் போடுங்க" என்பார். அதற்கு மேல் பேச்சு வளராது.

அவள் வளர்த்து ஆளாக்கிய தங்கைக்குக் கல்யாணம் ஆனபிறகு, வீட்டில் அந்த அளவு பேச்சும் இல்லை.

அன்று மத்தியானம் குழியின் மூலையில் புகை கிளம்பியது. யாரோ தூக்கிப் போட்ட பேட்டரி வெடித்திருக்க வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் தீ பரவியது.

"இறங்கி வந்துடுங்கம்மா!" வாக்கிடாக்கிக் குரல் பதறியது.

"நான் இறங்கிட்டா யாருங்க அள்ளுறது? எப்படியும் எரியப்போற குப்பைதானே, கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு. உலையிலயே கொண்டு சேர்த்துடுறேன்."

எரியும் குப்பையை அள்ளி அள்ளி உலைக்குள் கொட்டினாள். கண்ணாடி சுட்டது. புகையில் குழியே தெரியாமல் போனபோது, வெப்பம் காட்டும் கேமராவின் திரையைப் பார்த்து அறைக்காரர் வழி சொன்னார். "இடப்பக்கம்... இன்னும்... இறக்குங்க." கீழேயிருந்து தண்ணீர் பீய்ச்சினார்கள். தீ அடங்கியும் அவள் கை விசையை விட மறுத்தது.

மேலாளர் ஓடி வந்தார். "உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு நின்னோம்மா. வீட்டுக்கு ஃபோன் போட்டுச் சொல்லட்டுமா?"

"வேணாம் சார். பயந்துடுவாங்க."

சொன்ன பிறகுதான், யார் பயப்படுவார்கள் என்று யோசித்தாள்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாள். புகை வாடை போகவில்லை. தங்கையை அழைத்தாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்புச் சத்தம்.

"வீடு நிறைய ஆளுங்கக்கா. அவசரமா?"

"இல்லடி, சும்மாதான்."

"அப்ப அப்புறமா பேசுறேன்."

கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. தங்கைதான் என்று பாய்ந்து எடுத்தாள். கட்டுப்பாட்டு அறைக்காரர்.

"பத்திரமா போய்ச் சேர்ந்தீங்களாம்மா?"

"சேர்ந்துட்டேங்க." உடனே வைத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. தங்கையிடம் சொல்ல வைத்திருந்ததை அவரிடமே சொன்னாள்: "இன்னிக்கு எங்க பிளான்ட்ல தீப்பிடிச்சிடுச்சுங்க."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் ஓசை கேட்டது.

"அடடா! எப்படி? முதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னாள். குரல் உடைந்த இடத்தில் அவர் காத்திருந்தார். பேசி முடித்து ஃபோனை வைத்ததும் வீடு மறுபடி அமைதியானது. ஒரு ஆளுக்குச் சமைக்க எழுந்தாள்.