கழுதை வாயும் மணத்தது

முத்துப்பேச்சியின் வாயில் ஏலக்காய் மணக்கிறது என்று சாவடியில் நின்று சத்தம் போட்டேன். மணத்தது என் வாய். அது தெரிவதற்குள் அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

மலைக்குக் கழுதைப்பாதை மட்டுமே இருந்த காலம் அது. ஏலத்தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. ஆட்கள் போடிநாயக்கனூருக்கு இறங்கும்போது, அடிவாரச் சாவடியில் ஒவ்வொருவரையும் ஊதச் சொல்லி முகர்ந்து பார்ப்பதும் என் வேலை. பறிக்கிற ஆள் காயை மெல்லக் கூடாது. வாய் மணத்தால் அன்றோடு வேலை போயிற்று. இது முதலாளியின் சட்டம். உலகத்தில் எத்தனையோ உத்தியோகம் இருக்க, எனக்கு வாய்த்தது இது.

அன்று கிளம்புமுன் எல்லாருக்கும் மொச்சைக் குழம்பு. நான் கொஞ்சம் தாராளமாகவே சாப்பிட்டேன். இரண்டாவது வளைவிலேயே வயிறு தவிலாகிவிட்டது. வழக்கம்போல மடியிலிருந்த ஏலக்காயைத் தட்டி மென்றுகொண்டே இறங்கினேன். பாதி மலையில் ஏப்பம் வந்து வயிறு லேசானது. எனக்கு முன்னால் போன முத்துப்பேச்சியோ வழிநெடுகப் பாறையைப் பிடித்துக்கொண்டு குமட்டினாள். பாவம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

சாவடியில் அவள்தான் முதலில் ஊதினாள். கமகமவென்றது. வேலை போச்சு என்றேன். காயைத் தொடவே இல்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து அழுதாள். அடுத்து ஊதிய கங்காணி கோட்டைச்சாமியும் மணத்தார். பக்கத்தில் நின்ற கழுதையும் மணத்தது.

கோட்டைச்சாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கழுதையவும் வேலைய விட்டு நிப்பாட்டிருங்க, கணக்கப்பிள்ள. இல்லாட்டி மொதல்ல உங்க வாய மூடிட்டு மோந்து பாருங்க."

அன்றே முதலாளியிடம் போய் என் மூக்கின் பெருமையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். முத்துப்பேச்சியின் வேலை தப்பியது. முகர்கிற சட்டமும் ஒழிந்தது. வயிறு கெட்டவர்கள் மறுநாள் வேலைக்கு வருவதில்லை என்று நான் எடுத்துச் சொன்னதும், இறங்குகிற ஒவ்வொருவருக்கும் வழிக்கு இரண்டு காய் கொடுக்கவும் சம்மதித்தார்.

அடுத்த முறை மேலேயே முத்துப்பேச்சியின் கையில் காயை வைத்தேன். மென்றபடி, குமட்டாமல், எல்லாருக்கும் முன்னால் இறங்கினாள். அன்றைக்கு என்னிடம் ஒரு காய் கேட்டிருக்கலாமே என்றேன். "ஒண்ணுமில்லய்யா" என்று மழுப்பினாள். விடாமல் கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் நின்று திரும்பினாள்.

"நீங்க மென்னா மருந்து, நாங்க மென்னா களவுன்னுல்ல வச்சிருந்தீக. எப்பிடிய்யா கேக்க? வயித்து நோவு ஆள் பாத்தா வருது? மருந்த மட்டும் ஆள் பாத்துக் குடுத்தா அது என்ன ஞாயம்?"