பச்சைக் கயிறு

சிரிப்பு முதலாளி மாடிப்படி ஏறி வந்தபோது சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது.

காளான் சந்தையில் மொத்த வியாபாரி அவர். எடை குறைந்தாலும் சிரிப்பார், சரக்கு அழுகித் திரும்பி வந்தாலும் சிரிப்பார். விசாரணையில் அவள் தலையில் ஒரு சாவைத் தூக்கி வைத்துவிட்டு வெளியே வந்தபோதும் அதே சிரிப்புதான். அந்தச் சிரிப்பை அவள் வருடக்கணக்காக மனசுக்குள் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

அப்போது அவள் அந்தச் சந்தையின் சோதனைக்காரி. வெளியில் பறித்த காளான் எதுவானாலும் முதலில் அவள் மேஜைக்கு வர வேண்டும். கூடையை அப்படியே கவிழ்ப்பாள். ஒவ்வொன்றையும் திருப்பிப் பிடித்து, குடைக்கு அடியில் இருக்கிற மடிப்புகளின் நிறம் பார்ப்பாள், முகர்வாள், காம்பின் அடிமண்ணைத் தட்டிவிட்டு அங்கே பை மாதிரி உறை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். அந்த உறை இருந்தால் அது ஆளைக் கொல்கிற வெள்ளைக் காளான். எல்லாம் சரியென்றால் கூடைப் பிடியில் ஒரு பச்சைக் கயிறு கட்டுவாள். கயிறு இல்லாத கூடை கடைக்குப் போகக் கூடாது.

முதலாளிக்கு அந்த மண் பிடிக்காது. மண்ணைக் கண்டால் வாங்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று, பறிக்கிறவர்களிடம் காம்பைத் தரைக்கு மேலேயே வெட்டச் சொன்னார். உறை மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். கூடைக்கு வந்து சேர்வதெல்லாம் வெள்ளை வெளேரென்று பல்லைக் காட்டும், அவரைப் போலவே. வெட்டின காம்பு என் மேஜைக்கு வரவே கூடாது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அப்புறம் ஒரு நாள் ஒரு கூடை அவள் மேஜைக்கு வராமலே பின்வாசல் வழியாகக் கடைக்குப் போனது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற ஒரு மனிதர் அதை வாங்கிச் சாப்பிட்டுச் செத்துப்போனார். கூடைப் பிடியில் பச்சைக் கயிறு இருந்தது.

"மேல இருந்த ரெண்டை மட்டும் பாத்துட்டு கயிறைக் கட்டிட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்" என்று முதலாளி விசாரணையில் சொன்னார்.

அந்தக் கூடையைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை என்று அவள் தொண்டை வற்றக் கத்தினாள். யார் காதில் விழுந்தது? வேலை போனது. இறந்தவரின் மனைவி ஒரு நாள் எதிரே வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். வேலை போனதைவிட அதுதான் அவளைத் தின்றது. இப்போது தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டு துணிக்கடைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். சந்தையில் அவள் நாற்காலியில் முதலாளியின் மச்சினன் உட்கார்ந்திருக்கிறான்.

அப்பேர்ப்பட்ட முதலாளிதான் இந்த மத்தியானத்தில் கூடையும் கையுமாக வாசலில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கதவைத் திறந்த தம்பி மனைவி, "அண்ணி, உங்களுக்கு விருந்தாளி" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, வெங்காயத்தையும் பலகையையும் தூக்கிக்கொண்டு முன்னறைக்கே வந்து உட்கார்ந்தாள். இதைத் தவறவிட அவளுக்கு என்ன பைத்தியமா?

விஷயம் இதுதான். முதலாளியின் புது வீட்டுக்குப் பின்னால் மரமும் புல்லுமாக ஒரு வெளி. மழை விட்டதும் காளான் முளைத்திருந்தது. மனைவி வீட்டில் இல்லை. தானே போய் அறுத்து, காலையில் முட்டையோடு வதக்கி ஒரு பிடி பிடித்துவிட்டார். தட்டைக் கழுவும்போதுதான், இத்தனை காலம் காளான் விற்றும் காளானைப் பற்றித் தனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது உறைத்திருக்கிறது. வயிற்றைப் பிசைகிறது, புளிச்ச ஏப்பமாக வருகிறது என்றார். மிச்சத்தைக் கூடையோடு கொண்டுவந்திருந்தார்.

"உங்க மச்சினர்கிட்ட காட்ட வேண்டியதுதானே?" என்று அவள் கேட்டாள்.

"அவனுக்கு என்னக்கா தெரியும்" என்றார் முதலாளி. என்ன சொல்லிவிட்டோம் என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். தம்பி மனைவி வெங்காயத்தோடு தன் சிரிப்பையும் சேர்த்து நறுக்கினாள்.

வேறு யாராவது சாப்பிட்டார்களா என்று அவள் விசாரித்தாள். யாருமில்லை, தான் மட்டும்தான் என்றார். அந்தப் பதில் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கூடையின் மேலிருந்து இரண்டை எடுத்துத் திருப்பினாள். மடிப்புகள் இளஞ்சிவப்பிலிருந்து பழுப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. முகர்ந்தாள். சுத்தமான புல்வெளிக் காளான், அவளே வாங்கிச் சமைத்திருப்பாள். வயிற்று வலியும் அதைத்தான் சொன்னது. கொல்கிற வெள்ளைக் காளான் இவ்வளவு சீக்கிரம் வாயைத் திறக்காது, பாதி நாளாவது கமுக்கமாக உள்ளே உட்கார்ந்திருக்கும். இது வெறும் பயம், இல்லையென்றால் அளவில்லாமல் உள்ளே தள்ளிய முட்டை. 'ஒண்ணுமில்ல, போய்ப் படுங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள்.

இந்த மனிதனின் நிம்மதி தன் நாக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது. அதை அவ்வளவு சுலபத்தில் இறக்கிவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. நன்றாக வேகட்டும் என்று நினைத்தாள். நினைத்தபோது உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"காம்பை யாரு வெட்டினது?"

"நான்தான்க்கா."

"அடியில உறை இருந்துச்சா?"

"பாக்கலையே."

"அப்ப நான் எப்படிச் சொல்றது?" என்றாள், விசாரணையில் அவளைக் கேட்டவர்களின் அதே குரலில்.

இரண்டு குடைகளையும் காம்பு நீக்கி ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளரை மூடினாள். குடையிலிருந்து பொடி காகிதத்தில் உதிரும், பழுப்பாக விழுந்தால் பிழைத்தீர்கள், வெள்ளையாக விழுந்தால் இல்லை, அதற்குச் சாயங்காலம் ஆகும் என்றாள். மருத்துவமனைக்குப் போய்விடட்டுமா என்று முதலாளி எழுந்தார். தாராளமாகப் போங்கள், அங்கேயும் என்ன காளான் என்றுதான் முதலில் கேட்பார்கள் என்றாள். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அவள் ஊசியில் நூலைக் கோத்துப் பொத்தான் தைக்கத் தொடங்கினாள். தைத்துக்கொண்டே, வெள்ளைக் காளான் ஆளை எப்படிக் கொல்லும் என்று நிதானமாகச் சொன்னாள். முதலில் ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தியும் பேதியும் ஆளைப் பிழிந்து போடும். அப்புறம் எல்லாம் நின்று, சரியாகிவிட்டது என்று எழுந்து உட்காரத் தோன்றும். அந்த நேரத்தில் ஈரல் உள்ளே கரைந்துகொண்டிருக்கும். பேருந்து ஓட்டுநர் கூட நடுவில் ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாராம். அதையும் சொன்னாள்.

முதலாளி தண்ணீர் கேட்டார், குடித்துவிட்டு மறுபடியும் கேட்டார். அவளுக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. கொஞ்சம் கூட இல்லை. டம்ளரைத் தூக்கிப் பாருங்கக்கா, தூக்கிப் பாருங்கக்கா என்று அவர் அரற்றும்போதெல்லாம், இன்னும் விழவில்லை என்று பார்க்காமலே சொன்னாள்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய பிறகு அவராகவே ஆரம்பித்தார். "அக்கா, அந்தக் கயிறு..." என்றார்.

"எந்தக் கயிறு?" என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

இதை இங்கே சொல்லிப் பிரயோசனமில்லை, அன்றைக்கு விசாரணை நடத்திய சந்தைத் தலைவரிடம் சொல்லுங்கள் என்று கைப்பேசியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள். அவர் போட்டார். காம்பை வெட்டச் சொன்னது நான்தான், கூடையைப் பின்வாசலில் அனுப்பினது நான்தான், வேறொரு கூடையிலிருந்து பச்சைக் கயிற்றை அவிழ்த்து அதில் கட்டினதும் நான்தான், அவங்க அந்தக் கூடையைப் பார்க்கவே இல்லை என்று உளறிக் கொட்டினார். மறுமுனையில் இருந்த தலைவர் அவளைக் கூப்பிட்டு, எந்த முகத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை என்றார். ஓட்டுநரின் மனைவியிடம் இப்போதே போய்த் தானே சொல்வதாகச் சொன்னார்.

அவள் கைப்பேசியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தம்பி மனைவி கண்ணைத் துடைத்ததற்கு மட்டும் வெங்காயம் காரணமில்லை. இனிப் போதும், ஆளை விட்டுவிடலாம் என்று தோன்றியது. டம்ளர்களைத் தூக்கினாள். காகிதத்தில் இரண்டு வட்டமாகக் கரும்பழுப்புப் பொடி அழகாக உதிர்ந்திருந்தது. முதலாளி அதைப் பார்த்ததும் நாற்காலியில் சரிந்து, விட்ட மூச்சோடு பழைய சிரிப்பை மெல்லத் திரும்ப வரவழைத்தார்.

"அப்ப மிச்சத்தை நான் வதக்கிடறேன் அண்ணி, வீணா எதுக்கு?" என்று தம்பி மனைவி கூடையைத் தூக்கி முறத்தில் கவிழ்த்தாள்.

அடியில் கிடந்தவை மேலே வந்தன. அதே அளவு, அதே வெள்ளைக் குடை, வெட்டின காம்பு. உருண்டு மல்லாந்த ஒன்றில் மடிப்புகள் பால் மாதிரி இருந்தன. சிவப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடையைக் கவிழ்க்காமல் அவள் வாழ்நாளில் ஒரு காளானைப் பற்றியும் தீர்ப்புச் சொன்னதில்லை. இன்றைக்குப் பழி தீர்க்கிற அவசரத்தில், மேலே இருந்த இரண்டே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

முதலாளியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனையில் கிடைத்த வாடகை வண்டியில் மூன்று பேரும் ஏறினார்கள். முதலாளி ஒன்றும் புரியாமல் முன்னால் உட்கார்ந்து, நல்லாத்தானே இருக்கேன், நல்லாத்தானே இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் தம்பி மனைவி அவள் காதோரம் குனிந்தாள். "பொடி இப்பத்தான் விழுந்துச்சு, அதுவரைக்கும் ஒண்ணும் தெரியலன்னு சொல்லிடுங்க அண்ணி. யாரு கேக்கப் போறா?"

மருத்துவமனையில் முதலாளியைக் கட்டிலில் போட்டுக் கையில் ஊசியைக் குத்தும்போதே வாந்தி தொடங்கிவிட்டது. மத்தியானத்து வயிற்று வலி மாதிரி இது பயத்தினால் வந்ததில்லை. சேதி கேட்டுச் சந்தைத் தலைவரும் வந்து சேர்ந்தார். அவளைக் கண்டதும் நேரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். ரொம்ப அழுதாங்க. நாளைக்கு உங்களைப் பாக்க வரணும்னாங்க" என்றார்.

அதற்குள் டாக்டரம்மா, இவர்கள் முறத்திலிருந்து அள்ளிவந்திருந்த காளான்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பிழைப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது, சில மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்பேன் என்றாள். மத்தியானமே காளான் தெரிந்த ஒருத்தரிடம் காட்டினாராமே, யார் அது என்று கேட்டாள்.

"நான்தான்" என்றாள் அவள்.

"அப்பவே கூடை முழுக்கப் பாத்தீங்களா?"

தம்பி மனைவி அவள் முதுகில் விரலால் அழுத்தினாள். தலைவர் இன்னும் அவள் கையை விடவில்லை. கட்டிலில் கிடந்த முதலாளி கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இல்ல" என்றாள் அவள். "மேல இருந்த ரெண்டை மட்டும்தான் பாத்தேன்."

தலைவரின் கை மெல்ல விலகியது.