பூமியைக் காலி செய்யும் காட்சி

உலகம் அழியறதுன்னா அதுக்குன்னு சில ஊருங்க இருக்கு. வானத்தை முட்டுற கட்டடம் வேணும், கடல் மேல பாலம் வேணும், இங்கிலீஷ்ல கத்திக்கிட்டு ஓடறதுக்குக் கோட்டு போட்ட ஜனம் வேணும். விண்கல்லுக்கும் ஒரு அந்தஸ்து உண்டு, கண்ட ஊர்ல வந்து விழாது. அப்பேர்ப்பட்ட உலகம் போன பங்குனியில வடக்குத்து கிராமத்துக்குப் பின்னாடி, நெய்வேலி மைன்ஸ்ல தோண்டிக் கொட்டின மண்மேட்டு அடிவாரத்துல அழியறதுன்னு முடிவாச்சு. காரணம் பெருசா ஒண்ணுமில்லை. டைரக்டர் ஜெயப்பிரகாஷ் அந்த மண்மேட்டை ஏசி காருக்குள்ள இருந்தபடியே பார்த்துட்டு, "அப்படியே வேற கிரகம் மாதிரி இருக்கே"ன்னு சொல்லிட்டார். தினமும் அந்த மேட்டைப் பார்த்துக்கிட்டே பல் விளக்குற ஜனத்துக்கு, தாங்க வேற கிரகத்துல குடியிருக்கற விஷயம் அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

டைரக்டரை அங்க கூட்டிக்கிட்டு வந்தவன் தமிழ்மாறன். சொந்த ஊரே வடக்குத்துதான். சென்னையில உதவி டைரக்டர், அதாவது டைரக்டரோட டீ ஆறிடாம பார்த்துக்கற உத்தியோகம். சின்ன வயசுல டவுன்ஷிப் லைப்ரரியில விண்வெளி நாவலாத் தேடித் தேடிப் படிச்சான். பள்ளிக்கூடம் விட்டா நேரா கம்ப்யூட்டர் சென்டர், அங்க எதிரி கிரகத்தைச் சுட்டுத் தள்ளற கேம். ஞாயித்துக்கிழமை டிவியில வெள்ளைக்காரங்க சுத்தத் தமிழ் பேசிக்கிட்டு விண்கலம் ஓட்டுவாங்க, அதையும் விடமாட்டான். இத்தனையும் சேர்ந்து வயித்துக்குள்ள ஒரு கதையா கட்டிப்போச்சு. காலேஜ் முடிச்சதுல இருந்து அதைச் சுமந்துக்கிட்டு கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கறான். சொல்றதுக்கு அவன் ரெடி, கேக்கறதுக்குத்தான் நாதியில்ல.

அவங்கம்மா மாணிக்கம்மாள் மட்டும் ஒரு தடவை முழுசாக் கேட்டிருக்காங்க. கேப்டன் பேரு ஏட்ரியன், கப்பலுக்குப் பேருக்குப் பதிலா நம்பருன்னு அவன் சொல்லிக்கிட்டே போக, "ஏண்டா, இதுல நம்மாளுங்க யாருமே கெடையாதா"ன்னு கேட்டாங்க. "இது கேலக்ஸி லெவல்மா"ன்னு அவங்க வாயை அடைச்சுட்டான்.

இந்தப் படத்துல அவனுக்கு ஒரு வழி பிறந்தது. "தமிழ், இந்தக் கூட்ட சீனை மட்டும் ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்துடு. பேக்கப் ஆனதும் கேரவன்ல உக்காந்து உன் கதையைக் கேக்கறேன்"னு டைரக்டர் வாக்கு குடுத்திருந்தார். மறுநாள் யூனிட்டே வெளிநாடு கிளம்புது, அங்க இவனுக்கு டிக்கெட் இல்ல. ஆக, அன்னிக்கு விட்டா ஏட்ரியன் கடைசி வரைக்கும் இவன் வயித்துக்குள்ளயே கிடக்க வேண்டியதுதான்.

சீன் இதுதான். கறுப்பா ஒரு கிரகம் பூமி மேல மோத வருது. அரசாங்கம் மைக்ல அறிவிக்குது. ஜனங்க வீடு வாசலை விட்டுட்டு, அழுதுக்கிட்டே வெள்ளிக் கப்பல்ல ஏறணும். கப்பல் பிளைவுட்ல செஞ்சு சில்வர் பெயின்ட் அடிச்சது. முன்பக்கம் பார்த்தா நட்சத்திரத்துக்கே போய்ட்டு வரும்போல இருக்கும். பின்னாடி போனா சவுக்குக் கட்டையை முட்டுக் குடுத்து நிறுத்தியிருப்பாங்க. கப்பலுக்கு எதிரே தகரம் போட்ட செட் வீடுங்க வரிசையா நின்னுச்சு.

"கிராமத்து முகம் வேணும், நிஜமா இருக்கணும்"னு டைரக்டர் கேட்டதால, தமிழ்மாறன் தன் தெருவையே திரட்டிக் கொண்டாந்துட்டான். மைன்ஸ்ல கான்ட்ராக்ட் வேலை பார்த்து ஓய்ஞ்ச தனகோட்டி மாமா வந்தார், எதைப் பத்தியும் கேள்வி கேக்காம விடாத செங்கமலம் அத்தை வந்தாங்க, அம்மாவும் வந்தாங்க. அந்தத் தெருவே மைன்ஸுக்கு நிலத்தைக் குடுத்துட்டு இப்ப இருக்கற இடத்துக்குக் குடி வந்த தெரு. முன்னாடி இருந்த இடம் இப்ப பள்ளமா இருக்கு, அதுல இருந்த மண்ணு மேடா இருக்கு. இதெல்லாம் டைரக்டருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா டைட்டில்ல ஒரு நன்றி போட்டிருப்பாரோ என்னமோ.

காலையில டைரக்டர் கூட்டத்துக்கு முன்னாடி நின்னு பாடம் எடுத்தார். "யாரும் நடிக்க வேணாம். இது உங்க வீடுன்னு நினைச்சுக்குங்க. ஊரைக் காலி பண்ணச் சொல்லிச் செய்தி வந்துடுச்சு. நிஜமாவே அப்படி வந்தா என்ன பண்ணுவீங்களோ, அதைப் பண்ணிப் பழகுங்க. நான் வந்துடறேன்." சொல்லிட்டு கேரவனுக்கு இட்லி சாப்பிடப் போயிட்டார்.

இட்லி முடிஞ்சு திரும்பி வந்து பார்த்தா, பூமியோட கடைசிக் கிராமம் களை கட்டியிருக்கு. ஒவ்வொரு செட் வீட்டு வாசல்லயும் முருங்கைப் போத்து நட்டுத் தண்ணி ஊத்தியாச்சு. ஒரு ஓரத்துல புதுசா மாட்டுக் கொட்டாய் எழும்பிக்கிட்டு இருக்கு, அதுக்குச் சவுக்குக் கட்டை கப்பலோட பின்பக்கத்துல இருந்து வந்தது. நாலு பேரு மண்வெட்டியோட கிணறு தோண்டறாங்க. செங்கமலம் அத்தை ஒரே வீட்டுக்கு நடுவுல சேலையைக் கட்டி ரெண்டு வீடாக்கிட்டாங்க. கேட்டா, அண்ணனும் தம்பியும் நேத்தே தனிக்குடித்தனம் போயிட்டாங்களாம்.

டைரக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டார். "என்னய்யா இது? உலகம் அழியப்போகுது, முருங்கை நட்டுக்கிட்டு இருக்கீங்க?"

தனகோட்டி கையில இருந்த மண்ணைத் தட்டிட்டுப் பணிவா முன்னாடி வந்தார். "நீங்கதானங்க சொன்னீங்க, சேதி வந்தா என்னா பண்ணுவீங்களோ அதப் பண்ணுங்கன்னு. காலி பண்ணச் சொன்னா மொத வேல இதாங்க. நஷ்டஈடு குடுக்க மரத்த எண்ணுவாங்க, கொட்டாய எண்ணுவாங்க, கெணத்த எண்ணுவாங்க. அவங்க எண்ணிக்கினு போறப்ப இல்லாதது, அப்பறம் எப்பவுமே இல்லங்க."

"யாரு எண்ணுவாங்க? வர்றது ஒரு கிரகம்யா."

தனகோட்டி கப்பலைத் திரும்பிப் பார்த்தார். "கெரகம் எண்ணாதுங்க, சரி. கப்பலு யாரோடதுங்க? அவங்க எண்ணாமயா ஏத்திக்கினு போவாங்க?"

படத்துல அந்தக் கப்பல் யாரோடதுன்னு கதை டிஸ்கஷன்ல யாருமே கேட்டதில்ல. தமிழ்மாறன் குறுக்க புகுந்து, "மாமா, இது சயின்ஸ் பிக்‌ஷன். எண்ணறதெல்லாம் கெடையாது"ன்னு கெஞ்சி, முருங்கையைப் பிடுங்க வெச்சான். தனகோட்டி ஒரு போத்தை மட்டும் பிடுங்காம விட்டுட்டார்.

முதல் டேக் போனாங்க. மைக்ல ஒரு நடிகர், "மக்களே, பூமித்தாயிடம் விடைபெறும் நேரம் வந்துவிட்டது"ன்னு அடித்தொண்டையில முழங்கினார். ஜனங்க ஓடினாங்க, நல்லாத்தான் ஓடினாங்க. ஆனா ஆளாளுக்குத் தலையில தகரம், தோள்ல கதவு. ரெண்டு பேரு சேர்ந்து வாசக்காலையே பெயர்த்துத் தூக்கிட்டு வந்தாங்க. ஆர்ட் டைரக்டர் தலையில கை வெச்சு உக்காந்துட்டார். "வாசக்கால வுட்டுட்டா வருவாங்க? போற எடத்துல வூடு கட்ட வேணாமா"ன்னு மாணிக்கம்மாள் நியாயமாக் கேட்டாங்க.

ஆர்ட் டிபார்ட்மென்ட் வீடுங்களை மறுபடி நிறுத்தி முடிக்கறதுக்குள்ள மதியச் சாப்பாடு ஆயிடுச்சு. அடுத்த டேக்குல கையில எதுவும் இருக்கக்கூடாது, அழணும்னு டைரக்டர் கண்டிஷன் போட்டார். வெறுங்கையா வந்தாங்க, ஆனா ஒருத்தர் கண்ணுலயும் பொட்டுத் தண்ணி இல்ல. செங்கமலம் அத்தை கப்பல் படிக்கட்டுல ஒரு காலை வெச்சுட்டு நின்னுட்டாங்க.

"ஏம்ப்பா தமிழு, அங்க தண்ணி எப்பிடி?"

"தண்ணி இருக்கு அத்தை, ஏறுங்க."

"தைப்பூசத்துக்கு வடலூரு வந்து போவ பஸ்ஸு வுடுவாங்களா? ஜோதி பாக்காம இருந்ததில்ல."

"வடலூரே இருக்காதும்மா"ன்னு டைரக்டர் மைக்கைப் பிடுங்கிக் கத்தினார்.

"அதெல்லாம் இருக்கும்"னு அத்தை அவரைச் சமாதானப்படுத்தினாங்க.

அதுக்கப்பறம் எடுத்த டேக்குல யாரும் முதல்ல ஏறவே இல்ல. முன்னால நிக்கறவங்க பின்னால பார்த்தாங்க, பின்னால நிக்கறவங்க நகர்ந்து இன்னும் பின்னால போனாங்க. "மொதல்ல கெளம்பிப் போனவங்க கதி என்னான்னு எங்களுக்குத் தெரியுங்க. எதுத்த தெருக்காரங்க ஏறட்டும், பாத்துக்கினு வரோம்"னு தனகோட்டி எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னார். எதிர்த்த தெருன்னு ஒண்ணு செட்லயே இல்ல. அவங்களுக்கு வேணும்னே கெடுக்கணும்னு எண்ணமும் இல்ல. நிஜமா நடந்தா எப்படி இருப்பீங்களோ அப்படி இருங்கன்னு சொன்னாங்க, அப்படித்தான் இருந்தாங்க.

வெயில் சாய ஆரம்பிச்சது. கேமராமேன் வானத்தைப் பார்க்கறார், டைரக்டர் தமிழ்மாறனைப் பார்க்கறார். "லைட் போகுது தமிழ். இன்னும் ஒரு டேக்தான். இது போச்சுன்னா உன் கதையும் போச்சு." மைக்கை அவன் கையில திணிச்சார். "உன் ஜனம்தானே? டயலாக்கை விடு. என்ன சொன்னா ஏறுவாங்களோ, அதைச் சொல்லு."

என்ன சொன்னா ஏறுவாங்கன்னு தமிழ்மாறனுக்குத் தெரியும். அந்தத் தெருவுல கைக்குழந்தைக்கும் தெரியும். அவன் பிறக்கறதுக்கு முன்னாடி பழைய ஊருக்கு ஒரு ஜீப் வந்தது. எந்த ஆபீஸ், எந்த கான்ட்ராக்டர் அனுப்பின ஆளுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. ஜீப்புல நின்ன ஆளு மைக்ல ஒரே ஒரு விஷயம் சொன்னான். அதைக் கேட்டு முதல் ஆளா வீட்டுக் கூரை ஓலையைப் பிரிச்சு இறக்கினவர் இவனோட அப்பா கலியன். வயசுப் பையன், புதுசாக் கல்யாணம் ஆனவர். அப்பறம் காலம் பூரா மைன்ஸ்ல கான்ட்ராக்ட் ஆளா மண்ணு வாரினார். ஒவ்வொரு பொங்கலுக்கும் "அடுத்த வருசம் பர்மனென்ட் ஆயிடும்"னு வீட்டுல சொல்லுவார், மனசார நம்பித்தான் சொல்லுவார். சாகற அன்னிக்கும் அவர் கான்ட்ராக்ட்தான்.

அதைப் போய் மைக்ல சொல்றதான்னு தமிழ்மாறனுக்கு வெக்கமா இருந்துச்சு. ஆனா கதை சொல்லணும்கற ஆசை அந்த வெக்கத்தை விடப் பெருசா இருந்துச்சு. பெரிய மனப்போராட்டம் அது இதுன்னு சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, விஷயம் அவ்வளவுதான். கேமரா ஓட ஆரம்பிச்சதும் மைக்கை வாய்க்குக் கிட்ட கொண்டு போனான்.

"எல்லாரும் ஏறுங்க. மேல போனதும் வூட்டுக்கு ஒருத்தருக்கு பர்மனென்ட் வேலை. இது உறுதி."

சிரிப்பாங்கன்னு நினைச்சான். யாரும் சிரிக்கல. கீழ கிடந்த ஒரு தகரத்தைத் தூக்கப்போன தனகோட்டி, அதை அங்கயே வெச்சுட்டு நிமிர்ந்தார். இது சினிமான்னு அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும், கப்பலோட சவுக்குக் கட்டையை உருவினதே அவங்கதானே. ஆனாலும் ஒருத்தர் முகமும் முகமா இல்ல. அழுகை இல்ல, ஓட்டம் இல்ல. ஒருத்தர் பின்னால ஒருத்தரா நடந்து வந்து படியேறினாங்க. செங்கமலம் அத்தை ஒரு கேள்வியும் கேக்கல, படியில நின்னு அந்த செட் வீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு உள்ள போனாங்க. கடைசியா மாணிக்கம்மாள் ஏறினாங்க.

டைரக்டர் 'கட்' சொல்ல மறந்துட்டார். கேமராமேன்தான் சொன்னார். டைரக்டர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே ஓடிவந்து தமிழ்மாறனைக் கட்டிப்பிடிச்சார். "என்ன மனுஷங்கய்யா, என்ன நடிப்புய்யா! வா, இப்பவே கேக்கறேன் உன் கதையை." வாழ்க்கையில முதல் தடவையா ஒரு டைரக்டர் அவன் தோள்ல கை போட்டுக் கூட்டிக்கிட்டுப் போறார். கால் தரையில பாவல.

கப்பலுக்குப் பின்னாடி சவுக்குக் கட்டை வழியா ஜனங்க ஒவ்வொருத்தரா கீழ இறங்கிக்கிட்டு இருந்தாங்க. அம்மா முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டே எதிர்ல வந்தாங்க. டைரக்டர் ரெண்டு எட்டு முன்னாடி போயிட்டார்.

"என்னாம்மா, நல்லா வந்துதா?"ன்னு கேட்டான் தமிழ்மாறன்.

மாணிக்கம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாங்க. கோவமா இல்ல. "நல்லா பேசுனடா. அன்னிக்கு ஜீப்புல வந்தவன்கூட இவ்ளோ தெளிவா சொல்லல. உங்கப்பா இருந்திருந்தா இன்னிக்கும் மொத ஆளா ஏறியிருப்பாரு." சொல்லிட்டு, சாப்பாட்டுப் பொட்டலம் குடுக்கற வரிசைக்குப் போயிட்டாங்க.

கேரவன்ல ஏசி சில்லுன்னு இருந்துச்சு. டைரக்டர் போனை அணைச்சு ஓரமா வெச்சுட்டு, சம்மணம் போட்டு உக்காந்து, "சொல்லு"ன்னார். தமிழ்மாறன் வாயைத் திறந்தான். ஏட்ரியன் வரல, கப்பல் வரல, ஒரு வார்த்தை வரல. கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி கொட்டுச்சு.

டைரக்டர் கைதட்டினார். "சூப்பர் ஓப்பனிங் தமிழ். இந்த ஃபீலை விட்டுடாத, இப்படியே மேல சொல்லு."