நன்றிகெட்டவள்

சீனியம்மாளை மோதிய காரை ஓட்டியது யார் என்று கண்ணால் பார்த்தவள் முருகம்மாள் ஒருத்திதான். களை எடுத்துவிட்டு வரப்பேறிய நேரம். கீழக்குயில்குடி ரோட்டில் ஆடுகளை ஓரம் ஒதுக்கிக்கொண்டிருந்த சீனியம்மாளை அடித்துத் தூக்கிப்போட்டுவிட்டு, ஊர்ப் பெரியமனுஷர் சோலையின் மகன் செல்வக்குமார் நிற்காமல் போனான்.

போலீஸ் விசாரிக்க வருமுன்னே சோலை முருகம்மாள் வீட்டுக்கு வந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் இதற்கு முன் வந்தது ஒரே தடவைதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கண்மாய் உடைந்து ரோடெல்லாம் வெள்ளம் ஓடிய அன்றைக்கு. பிரசவ வலியில் நினைவு தப்பிக் கிடந்த முருகம்மாளை, யாரும் வண்டி எடுக்கத் துணியாதபோது, தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர். அப்போது பிறந்த தமிழ்வாணி இப்போது காலேஜில் படிக்கிறாள்.

"நீ பாக்கலைன்னு சொல்லு முருகம்மா. அது போதும்."

"பாத்தேனேய்யா."

"அன்னைக்கு நான் வண்டி எடுக்கலைன்னா நீ ஏது, ஒம்மக ஏது?"

"இல்லதான். உங்க வீட்டுக்கு ஒண்ணுன்னா எந்நேரமும் ஓடி வாரேன். ஆனா சீனியம்மா இடுப்பொடிஞ்சு கெடக்கா. பாத்துட்டு பாக்கலைன்னு எப்படிய்யா சொல்ல?"

"நன்றிகெட்டவளே!" தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டுப் போனார் சோலை.

அந்தச் சொல் அவளுக்கு முன்னாலேயே எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ரேஷன் கடை வரிசையில் முதுகுக்குப் பின்னால் கேட்டது. களை எடுக்க யாரும் கூப்பிடவில்லை. புருஷன் வீரணனே, "அம்புட்டு செஞ்ச மனுசன். கண்ண மூடிக்கிட்டா என்ன?" என்றான்.

"மூடுனா அவ விழுந்த சத்தம்தான் கேக்குது" என்றாள். மறுநாளே திருமங்கலத்துக்கு பஸ் ஏறி, ஒரு வெங்காயக் கடையில் தரம்பிரிக்கும் வேலையில் சேர்ந்தாள். போலீஸிடம் பார்த்ததைச் சொன்னாள்.

கோர்ட்டில் செல்வக்குமாரின் வக்கீல் கேட்டார்: "சோலை மேல உள்ள பகையிலதான இப்படிச் சொல்றீங்க?"

முருகம்மாள் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பகையா? நானும் எம்மகளும் உசுரோட இருக்கிறது அவராலதான். வெள்ளத்துல வண்டி எடுத்தாரு. அத எழுதிக்கங்க. அவரு மகன் ஓட்டுன கார்தான் சீனியம்மாள மோதுச்சு. அதையும் எழுதிக்கங்க."

 கோர்ட்டில் உட்கார்ந்திருந்த சோலை தலையைக் குனிந்துகொண்டார்.

செல்வக்குமாருக்குத் தண்டனை ஆனது. தீர்ப்பன்று அவன் அம்மா அன்னக்கொடி கோர்ட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். முருகம்மாள் பக்கத்தில் போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அன்னக்கொடி தட்டிவிட்டாள். பாட்டில் உருண்டு, பாதித் தண்ணீர் கொட்டிப்போனது. முருகம்மாள் அதை எடுத்துத் துடைத்து மறுபடி நீட்டினாள். "குடிங்கம்மா. வெயிலு."

கொஞ்ச நேரம் கழித்து அன்னக்கொடி வாங்கிக் குடித்தாள். அவள் எழுந்து காருக்கு நடக்கும்வரை முருகம்மாள் அங்கேயே நின்றாள். பிறகு பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.