இஸ்ஸதீனின் இதயச் சுவர்

மூத்த அண்ணன் ஹமீட் நானா கையெழுத்துப் போடக் குனிந்த கணத்தில் முனவ்வரா அவன் விரலிலிருந்து பேனையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்ன தங்கச்சி, விளையாடுறியா?"

ஆஸ்பத்திரி விறாந்தையில் மரண விசாரணை அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். 'மரணத்தில் சந்தேகமில்லை' என்ற கடதாசி அது. கையெழுத்து விழுந்தால் தம்பி இஸ்ஸதீனின் உடல் வெட்டுப்படாமல் முழு மையத்தாய் வீடு போகும். காலையில் உப்பளத்தில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தவன், நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டான். முப்பத்தெட்டு வயது.

"வெயில் அடிச்சிட்டுது. பின்னேரம் அசர் தொழுகையோட அடக்கணும், கபுறுக் குழியும் வெட்டியாச்சு," என்றான் ஹமீட்.

"வாப்பாவுக்கும் வெயில் எண்டுதானே கையெழுத்து வச்சீங்க? நானா, ஒரே வீட்டில ஆளைத் தேடித் தேடி அடிக்கிற வெயிலா? பள்ளிவாசல் படியில நிண்டு மூச்சு வாங்குறது ஆரு?"

ஹமீட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடதாசி வெறுமையாகவே திரும்பிப் போனது.

பிரேத பரிசோதனை முடித்து, இரண்டு மணித்தியாலத்தில் டொக்டர் சாருமதி வெளியே வந்தார். "இதயச் சுவர் தடிச்சிருக்கு."

"நான் பார்க்கலாமா?"

"பயமில்லையா?"

"வருசா வருசம் ஹஜ்ஜுப் பெருநாளில குர்பான் குடுக்கிற மாட்டு இருதயம் வெட்டுறவள் நான்."

தட்டில் இருந்ததை முனவ்வரா குனிந்து பார்த்தாள். அழுகை எங்கோ ஒதுங்கி நின்றது. சுவர் இரண்டு மடங்கு தடிப்பு. நடுவே வெறும் கீறல்.

"ரத்தம் நிக்க இடமே இல்லையே!"

"ஓம். ஒரு துண்டை மெழுகில உறைய வச்சு, மயிரை விட மெல்லிசாச் சீவி, மைக்றஸ்கோப்பில பார்க்கணும். இழையெல்லாம் வரிசையா ஓடாமப் பின்னிக் கிடந்தா, பரம்பரையா வாற நோய். கூடப் பிறந்தவங்களைச் சோதிச்சு முன்னமே வைத்தியம் செய்யலாம்; அதுவரை அவங்க பாரம் தூக்கப்படாது."

"துண்டெல்லாம் விடேலாது," வாசலிலிருந்து ஹமீட் சீறினான். "முழுசாத்தான் அடக்கணும்."

"எவ்வளவு வேணும், டொக்டர்?"

"ஒரு கற்கண்டளவு."

"கற்கண்டளவு, நானா. அடுத்த கபுறு வெட்டாம இருக்க."

ஹமீட் வாசலை விட்டு விலகி நின்றான். டொக்டர் அந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார்.

அசர் தொழுகைக்கு நேரமானது. வீட்டு முற்றத்தில் மையத்துப் பெட்டியைச் சுற்றி ஆண்கள் கூடினார்கள். "ஹமீட், மூத்தவர் முதல்ல தோள் குடுங்க!"

அவன் முனவ்வரா நின்ற உள்வாசலுக்கு வந்தான். "பேனையைத் தா."

அது இன்னும் அவள் கைப்பிடிக்குள்தான் இருந்தது. கூடப் பிறந்தவர்களின் இதயத்தைச் சோதிக்க டொக்டர் கொடுத்த கடிதத்தில் நோயாளியின் பெயர் எழுதும் இடம் காலியாகக் கிடந்தது. ஜன்னல் விளிம்பில் வைத்து ஹமீட் தன் பெயரை எழுதினான். மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

அவனுக்குப் பதிலாக அடுத்த வீட்டு ஜபார் தோள் கொடுத்தார். ஹமீட் பெட்டியில் ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு, மெல்ல, பின்னால் நடந்தான்.