இரண்டு இழுப்பு

சல்லடை இயந்திரம் ஓடத் தொடங்குமுன் மூச்சிரைப்புக்கான நீலப் பம்பை வாயில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்வது, முகத்தில் துணி கட்டுவதைப் போல, அந்தத் தேயிலைத் தொழிற்சாலையின் வழக்கமாகிவிட்டிருந்தது. மூச்சு முட்டிய பின் இழுக்க வேண்டியதை முட்டுவதற்கு முன்பே இழுக்கச் சொன்னவர், தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் சண்முகநாதன். ஒன்பது ஆண்டுகள் தூசியில் நின்ற பேச்சியம்மா அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. காலையில் இரண்டு, தேநீர் வேளையில் இரண்டு, பிறகு நினைத்தபோதெல்லாம். சென்ற வாரம் எட்டு இழுத்தும் நெஞ்சு இளகவில்லை. ஹுன்னஸ்கிரியவிலிருந்து பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம், பம்ப்தான் போலி என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

"மருந்துல பிழையில்ல," என்றார் டொக்டர் பஸீஹா. "அத வாங்கிக்கொள்ள நெஞ்சுக்குள்ள சின்னச் சின்ன வாசல் ஈக்கிது. நாள் முழுக்கத் தட்டினா அதுகள் மூடிக்கொண்டு உள்ளுக்குப் பெயிரும். பொறகு எவ்வளவு இழுத்தும் வேல செய்யாது."

பேச்சியம்மாவுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. சல்லடையின் இரைச்சல் அவள் காதில் விழுந்தே வருஷக்கணக்காயிற்று. அது நின்றால்தான் திடுக்கிடுவாள்.

மூன்று நாள் வார்டில் கிடந்துவிட்டு, இரைப்பு வராமல் தடுக்கும் மண்ணிறப் பம்ப் ஒன்றுடனும், தூசியில் நிறுத்தலாகாது என்ற கடிதத்துடனும் தொழிற்சாலைக்குத் திரும்பினாள். சண்முகநாதன் கடிதத்தை இருமுறை வாசித்தார். அவர் கெட்டவரல்லர், சல்லடைக்கு ஆள் கிடைக்காதவர்.

"இண்டைக்கு மட்டும் நாலு தரம் இழுத்துப்போட்டு உள்ளுக்குப் போவன், பேச்சி."

"எட்டு இழுத்தே பாத்தாச்சுங்கய்யா. மலைக்கு அனுப்புங்க, கொழுந்து எடுக்கிறேன்."

"மலையிலை இடமில்லை. ஏலாதெண்டால் லயத்து வீட்டுக்குப் போ. பேர் விழாது."

பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

"போகமாட்டேங்க. வேலைக்கு வந்திருக்கேன், பேரப் போடுங்க." நீலப் பம்பை அவருடைய மேசையில் வைத்தாள். "உள்ள போக இதுதான் சீட்டுன்னா, நீங்க இழுத்துட்டுப் போயி நில்லுங்க. ஒங்க நெஞ்சு புதுசு, சொன்னதக் கேக்கும்."

கதவருகே நின்ற அடுத்த சல்லடைக்காரி அழகம்மா, சிரிப்பை முகத்துணிக்குள் அடக்கினாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த தன் நீலப் பம்பை எடுத்து, முதல்முறையாகப் பார்ப்பவளைப் போலப் பார்த்தாள்.

பேச்சியம்மா லயத்துக்குப் போகவில்லை. டீமேக்கரின் சன்னலுக்கு நேரே, முற்றத்து வெயிலில் நின்றாள். மூச்சு இன்னும் விசிலடித்தது. உள்ளே இயந்திரம் ஓடத் தொடங்கியது; இன்று அதன் இரைச்சல் அவள் காதில் முழுசாக விழுந்தது. திறந்த கதவின் வழியே, ஆளில்லாத அவளுடைய தட்டின் விளிம்பைத் தாண்டித் தேயிலைத்தூள் கறுப்பாகத் தரையில் கொட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.